தஸ்மேனியாவை மறந்த செவ்வாயர்

எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்' என்னும் நாவல் 1897இல் பியர்சன்ஸ் சஞ்சிகையில் தொடராக வெளிவந்து, 1898இல் நூலுருப் பெற்றது. அன்று தொட்டு அதற்குத் தொடர்ச்சிகளும் மறுகூறல்களும் எழுந்தவண்ணமுள்ளன. இவற்றை அந்நூலின் உயிர்ப்பாற்றலுக்குச் சான்றாகக் காட்டி மகிழும் விமர்சகர் பலர். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய வெல்ஸை ஆக்கிக்கொள்கிறது என்பது அவர்தம் வாதம். வேண்டியவர் யார், அவர்கள் வேண்டாமென ஒதுக்கியது எது என்று கேளாதவரை இவ்வாதம் இனிமையானதே.

நாவலின் முதலாம் அத்தியாயத்திலேயே வெல்ஸ் வாசகனைத் தடுத்து நிறுத்துகிறார். செவ்வாயரைக் கடிந்துரைக்குமுன், ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பது ஆண்டுகளுள் தஸ்மேனிய மக்களுக்கு இழைத்ததை நினைவுகூருமாறு கேட்கிறார். கதையின் கருவே தஸ்மேனியா பற்றித் தம் சகோதரர் பிராங்குடன் நிகழ்ந்த உரையாடலில் உதித்ததுதான். நூலும் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. வெல்ஸ் குற்றமற்றவர் என்று நாம் கூற வரவில்லை. இனங்களைத் தரம்பிரிக்கும் அக்கால நோக்கு அப்பந்தியிலும் உண்டு. தஸ்மேனியர் அடியோடு அழிந்தனர் என அவர் கொண்டதும் பிழை; அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்ந்து தம் உரிமைகளைக் கோரி வருகின்றனர். ஆயினும், பேரரசின் தலைநகருக்கு அண்மையில், வோக்கிங்கை அடுத்த ஹோர்செல் வெளியில் செவ்வாயரை இறக்கி, ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தவனை வேட்டையாடப்படுபவனின் நிலையில் நிறுத்திய துணிவு சாமானியமானதன்று. ஈற்றில் செவ்வாயர் மடிவதும் நுண்கிருமிகளாலேயே. மனிதனின் படைபலத்துக்கு அதில் பங்கில்லை. ஆகவே அவன் கொண்டாடுவதற்கு வெற்றியும் இல்லை.

இந்த வெற்றியின்மையைப் பொறுக்கமாட்டாதவரே முதலில் பேனா எடுத்தனர். ஹேர்ஸ்ற்றின் 'நியூயோர்க் ஈவினிங் ஜேர்னல்' வெல்ஸின் கதையை அனுமதியின்றி நியூயோர்க்குக்கு இடம்மாற்றி வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 1898 தொடக்கத்தில் கறெற் செர்விஸ் எழுதிய 'எடிசனின் செவ்வாய் வெற்றி' அங்கே வெளிவந்தது. தோமஸ் அல்வா எடிசன் பொருள்களைச் சிதைத்தழிக்கும் ஆயுதமொன்றைக் கண்டுபிடிக்கிறார். வாஷிங்டனில் கூடிய முடிமன்னர்கள் பணம் வழங்குகின்றனர். விண்கலப்படை செவ்வாய் சென்று, அங்குள்ள கால்வாய்களின் மதகுகளைக் கொண்டே பெருவெள்ளத்தை உண்டாக்கி அக்கிரகத்தவரை மூழ்கடிக்கிறது. காஷ்மீரப் பள்ளத்தாக்கிலிருந்து முன்னாளில் கவர்ந்துசெல்லப்பட்டோரின் வழிவந்த பெண்ணொருத்தியை மீட்டுவருவதும் அப்படையினரே. இனப்படுகொலையைக் கண்டிக்க எழுந்த கதை, சில மாதங்களுக்குள் இனப்படுகொலையைக் கொண்டாடும் கதையாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா ஸ்பெயினுடன் போர் தொடுத்தது; அப்போருக்கு முரசறைந்ததும் ஹேர்ஸ்ற்றின் பத்திரிகைகளே. டிசெம்பரில் பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்கு மாறிற்று. செர்விஸ் இப்போரைத் திட்டமிட்டார் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் வாசகரின் மனத்தைப் பக்குவப்படுத்த அத்தகைய திட்டமும் தேவைப்படுவதில்லை.

இடத்தை மாற்றுவதே குற்றம் என்பது நம் கட்சியன்று. 1938 ஒக்டோபர் 30ஆம் நாள் ஓர்சன் வெல்ஸ் வானொலியில் செவ்வாயரை நியூ ஜேர்சியில் இறக்கினார். அன்றெழுந்த பீதியைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்தன என்பது இன்று ஆய்வாளர் அறிந்ததே. 1949இல் ஈக்குவடோரின் தலைநகர் கீற்றோவிலோ கதையென்று அறிந்து சினங்கொண்ட மக்கள் வானொலி நிலையத்தை எரித்தனர், உயிர்களும் பலியாயின.

குற்றம் வேறிடத்தில் உளது. 1953இன் ஹொலிவூட் படத்தில் தஸ்மேனியா இல்லை. அணுகுண்டு தோற்றபின் மக்கள் தேவாலயத்தில் கூடுகின்றனர், கிருமிகள் இறைவனின் ஞானமாகின்றன. நாவலில் வரும் மதகுருவை வெல்ஸ் எவ்வளவு இழிந்தவராகக் காட்டினார் என்பதை அறிந்தோர் நகைக்கவே செய்வர். 2005இல் ஸ்பீல்பேர்க் ஆக்கிய படத்தின் முகவுரையிலும் தஸ்மேனியா இல்லை. கதாநாயகனின் மகன் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆக்கிரமிப்புப் பற்றி ஒரு பாடசாலைக் கட்டுரை எழுதவேண்டியவன். அதில் அவன் என்ன எழுதினான் என்பது நமக்குச் சொல்லப்படுவதேயில்லை.

1946இல் மறைந்த வெல்ஸின் பதிப்புரிமை 2016 இறுதியில் பிரித்தானியாவில் காலாவதியாயிற்று. அதன்பின் கதவு அகலத் திறந்தது. 2017இல் ஸ்டீபன் பக்ஸ்ரர் எழுதிய அதிகாரபூர்வத் தொடர்ச்சி, முதற் படையெடுப்பின் பின் பிரித்தானியா இராணுவப் பிடிக்குள் சென்றதாகக் கற்பனை செய்வதால் ஓரளவு மதிப்புக்குரியது. 2025இன் படத்தைப் பற்றி என் சொல்வது? மனித குலத்தைக் காக்கும் கருவியை அமேசன் நிறுவனத்தின் பொதி விநியோக ஆளில்லா விமானம் கொண்டுவந்து சேர்க்கிறது. படம் வெளியானதும் அந்நிறுவனத்தின் திரைச்சேவையிலேயே. அன்று எடிசன் வகித்த பாத்திரம் இன்று அமேசனுக்கு.

ஆய்வாளர் ஏறெடுத்தும் பாராத சித்திரக்கதை வடிவத்தில்தான் விதிவிலக்கு கிட்டுகிறது. அலன் மூரும் கெவின் ஓ'நீலும் 2002, 2003இல் வெளியிட்ட படைப்பில், செவ்வாயரைக் கொல்வது பிரித்தானிய அரசு ஏவிய கிருமி ஆயுதம். அது தென் லண்டன் மக்களையும் கொல்கிறது; அவர்கள் செவ்வாயரால் மாண்டனர் என்று அறிவிக்க அரசு முடிவுசெய்கிறது. அதுவரை அவ்வரசுக்குத் துணைநின்ற கப்டன் நீமோ, ஜூல்ஸ் வேர்னின் கதைப்படி 1857 எழுச்சியில் பங்குகொண்ட இந்திய இளவரசர், இதை அறிந்ததும் இனித் தன்னைத் தேடவேண்டாம் எனக் கூறிக் கப்பலேறிச் செல்கிறார்.