ஆலைக்குப் பின்னால் குமிழியிடும் குளம்

நிலக்கரிக்கு மாற்று என்ன என்று பேச்செடுத்தால் எல்லாரும் கூரையைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். சூரிய ஒளி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு இன்னொரு வழி காலடியிலேயே கிடக்கிறது. தெற்கே காப்பார் மின்நிலையம். 2,420 மெகாவாட் திறனோடு கட்டப்பட்ட அது பெரும்பகுதி நிலக்கரியை நம்பியது. கிழக்கே பெஸ்தாரி ஜெயா (பலருக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) பக்கத்துத் தென்னமரம் தோட்டம். 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட இடம். எண்ணெயோடு மின்சாரமும் தரக்கூடிய இந்தப் பயிரின் இரண்டாவது விளைச்சலைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வாதம்.

செம்பனை ஆலை, பிழிந்த நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் டர்பைனைச் சுழற்றித் தன் மின்தேவையைத் தானே பார்த்துக்கொள்கிறது. மிஞ்சுவது கழிவுநீர்: ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ 650 லிட்டர். பழுப்பாக, கொழகொழவென்று, ஆவி பறக்க வாய்க்காலில் இறங்கும். குளத்தில் காற்றுப் படாமல் புளிக்கும்போது மேலே ஏடு கட்டி, குமிழி குமிழியாக உடையும். அந்த வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. குளத்தை மூடி அதை எஞ்சினுக்குத் திருப்பினால் டன் குலைக்குச் சுமார் 40 யூனிட் கிடைக்கும். ஆண்டுக்கு 250,000 டன் ஆட்டும் ஆலைக்கு 1 கோடி யூனிட். மாதம் 350 யூனிட் செலவழிக்கும் வீடுகள் இரண்டாயிரத்துக்கு மேல் அதில் வாழலாம்.

இது புதிய வித்தையும் அல்ல. தென்னமரத்திலேயே 1980-களில் செய்து பார்த்தார்கள். அது பரவாததற்குக் காரணமான ஓட்டை சட்டத்தில் இருந்தது. 1977-இல் வந்த கழிவுநீர் விதிகள், வெளியேறும் நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, 1984-க்குள் அதை 100-க்கு இறக்கின. ஆலைகள் குளம் வெட்டின, ஆறுகள் மூச்சுவிட்டன. ஆனால் விதி அளந்தது தண்ணீரை மட்டும். மேலே போன வாயுவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளும் வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்றானது. பழைய ஆலைகள் தப்பித்துக்கொண்டன.

காப்பாருக்கு இது ஈடாகுமா? ஆகாது. ஓர் ஆலைக்கு ஒன்றரை மெகாவாட் கிடைத்தாலே பெரிது. நாட்டின் 450 சொச்சம் ஆலைகளையும் கூட்டினாலும் காப்பாரில் பாதியை எட்டாது. ஆனால் வெயில் சாய்ந்து வீட்டுக்கு வீடு ஏர்கோன் ஓடத் தொடங்கும் நேரத்திலும் இது ஓடும். வாயுவைச் சில மணிநேரம் மூடிக்குள்ளேயே சேர்த்தும் வைக்கலாம். இன்னொரு மறுப்பு கனமானது: காட்டை அழித்து, கரிச்சதுப்பை வடித்து நட்ட பயிருக்குப் பசுமைப் பட்டமா? ராஜா மூசா சதுப்புக்காடு எரிந்ததைப் பார்த்த மாநிலத்தில் இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. குளத்தை மூடுவதால் அந்தக் கணக்கு நேராகாது. இதைச் சொல்லிப் புதிதாக ஓர் ஏக்கர் நடவும் விடக்கூடாது. எண்ணெயை டீசலில் கலந்து எரிக்க நிலம் வேண்டும். கழிவுநீர் எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மின்கம்பி தொலைவில் இருக்கிறது என்பார்கள். சபாவின் உட்புறத்துக்கு அது நியாயம். கிள்ளான் பள்ளத்தாக்கின் கொல்லைப்புறமான நமக்கு எடுபடாத சாக்கு. பணமா? 2014 முதல், மாதம் 300 யூனிட்டைத் தாண்டிய வீடுகளின் கட்டணத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதிக்கென்று 1.6 விழுக்காடு பிடித்தார்கள். மக்கள் தங்கள் பங்கைக் கட்டியாயிற்று. ஆலைகள் உரிமத்தின் பேரில் நடப்பவை. 1977-இல் செய்ததுபோல் படிப்படியாகக் கெடு வைத்து, ஐந்தாண்டில் குளத்தை மூடாத பழைய ஆலைக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வருகிற வருமானத்தின் முதல் பங்கு, அந்தக் குளத்து நாற்றத்தை இத்தனை காலம் சகித்த லயத்து வீடுகளுக்கு மின்கட்டணக் கழிவாகப் போகட்டும்.