பிரிவதென்று ஆன பிறகு



விவாகரத்து பற்றி வாசகர்களிடமிருந்து நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பலவற்றைக் கணவனோ மனைவியோ எழுதுவதில்லை. பெண்ணின் அம்மா எழுதுகிறார், பையனின் அப்பா எழுதுகிறார், சில சமயம் அண்ணனோ சித்தியோ எழுதுகிறார்கள். எத்தனை மாதத்தில் கிடைக்கும், எவ்வளவு செலவாகும், போட்ட நகையைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்கிறார்கள். கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் சம்பந்தப்பட்ட இருவரும் என்ன நினைக்கிறார்கள் என்பது அந்தக் கடிதங்களில் இருப்பதே இல்லை. வழக்கு சில மாதங்களில் முடியுமா, பல வருடங்கள் இழுக்குமா என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது. பிரிவதற்கு இருவருக்கும் சம்மதமா? வக்கீலைத் தேடிப் போகும் முன் வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது, ஒருவர் மீது இன்னொருவர் குற்றம் சொல்லி நிரூபித்தால்தான் விவாகரத்து என்ற நிலை இருந்தது. இருவரும் மனமொத்துப் பிரிய வழி வைத்தது 1976-ல் வந்த திருத்தம். சட்டத்தில் 13-பி என்று சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவைத்தான் கோர்ட் வட்டாரத்தில் சுருக்கமாக 'மியூச்சுவல்' என்கிறார்கள். கோயிலில் தாலி கட்டியவர்களுக்கும், தலைவர் முன்னிலையில் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கும் இதே சட்டம்தான்.

இதற்கு முதல் தேவை, இருவரும் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். தனித்தனி வீட்டில் இருந்தால்தான் பிரிவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாடகைக்கு வழியில்லாமலோ பிள்ளையின் படிப்புக்காகவோ ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. அடுத்து இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார்கள். திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர், மனைவி இப்போது இருக்கும் ஊர் என எங்கு வசதியோ அங்கே போடலாம். நீதிபதி இருவரின் வாக்குமூலத்தையும் பதிவு செய்துகொள்வார். பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதன்பின், மனு போட்ட நாளிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து மனம் மாறவில்லை என்று சொன்னால் தீர்ப்பு கிடைக்கும்.

அந்த ஆறு மாதத்தைப் பலரும் சட்டம் போடும் முட்டுக்கட்டையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபத்தில் போட்ட கையெழுத்து எது, நிதானமாகப் போட்டது எது என்று பிரித்துக் காட்டுவதற்கான அவகாசம் அது. கடைசி நிமிடம் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. அதே சமயம், எல்லாம் பேசி முடிந்து வருடக்கணக்கில் விலகி இருப்பவர்களை மேலும் காக்க வைப்பதில் அர்த்தமில்லை என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனு போடுவதற்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்து இருந்து, சமரச முயற்சி பலிக்காமல், பிள்ளை, பணம் எல்லாவற்றிலும் ஒப்பந்தம் ஆகிவிட்டிருந்தால், ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது.

இதைப் படிக்கும் சிலர் கேட்பீர்கள்: 'ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் எழுதித் தீர்த்துக்கொண்டால் போதாதா?' போதாது. நோட்டரி முத்திரை இருந்தாலும் போதாது. சில சமூகங்களில் வழிவழியாக வந்த தீர்வு முறையைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்பதைச் சொல்பவர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அது முடியாமல் போனால், முத்திரைத் தாளை நம்பி நடந்த இரண்டாவது திருமணம் செல்லாததாகிவிடும். புதிதாக வந்த பெண் சட்டப்படி மனைவி என்ற உரிமை இல்லாமல் நிற்பாள். ஒரு குடும்பம் அவசரப்பட்டதற்கு, அந்தப் பழைய விவகாரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு வீட்டுப் பெண் விலை கொடுக்கக் கூடாது. தீர்ப்பு கையில் வந்த பிறகும், ஒருவர் எதிர்த்து நடந்த வழக்கு என்றால், மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை மறுமணப் பேச்சைத் தள்ளி வையுங்கள்.

சம்மதம் இல்லாதபோது வழி கடினமானது. கொடுமை, பிறர் உறவு, இரண்டு வருடத்துக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது, மதம் மாறியது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு மனநோய் எனச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றையாவது காட்டியாக வேண்டும். மனு, எதிர்மனு, சாட்சி, குறுக்கு விசாரணை, அதற்கிடையே வாய்தாக்கள் என்று போகும். 'எங்களுக்குள் எல்லாம் முறிந்துவிட்டது' என்பது மட்டும் குடும்ப நல நீதிமன்றத்தில் காரணமாகாது. மீளவே முடியாதபடி முறிந்த திருமணத்தை அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின்படி ரத்து செய்யும் அதிகாரம் தனக்கு உண்டென்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. நம் மாவட்ட நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது.

எதிர்த்தரப்பு வழக்குப் போட்டு சம்மன் வந்தால் அதை வாங்காமல் திருப்பி அனுப்புவதைச் சிலர் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். நீங்கள் போகாவிட்டால் வழக்கு நின்றுவிடாது. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும். அதை உடைக்க மறுபடி அலைய வேண்டும்.

முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. அதிகம் பேசப்படாதது என்பதால் சொல்கிறேன். நீதிமன்றப் பிரிவினை கேட்டு மனு போடலாம். திருமணம் முறியாது, ஆனால் சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் போய்விடும். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு வருடம் சேராமலே கழிந்தால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம். மனம் கூடினால் திரும்பச் சேரவும் தடையில்லை.

இதுவரை சொன்னது இந்து திருமணச் சட்டத்தின் வழி. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டுச் சட்டம். அதில் மனமொத்த விவாகரத்து 2001-ல்தான் சேர்ந்தது. முஸ்லிம் பெண்கள் 1939-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் போகலாம், மனைவியே முன்வந்து கேட்கும் விவாகரத்தான குலாவும் கேட்கலாம். குலா சான்றிதழை ஜமாஅத் போன்ற தனியார் அமைப்புகள் தர முடியாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. பதிவுத் திருமணம் செய்த வேறு வேறு மதத்தினருக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஏறக்குறைய அதே 13-பி நடைமுறைதான்.

இனி, எந்தச் சட்டமானாலும் வீட்டில் உட்கார்ந்து பேசியாக வேண்டியவை. முதலில் பிள்ளை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது இந்துக்களுக்கான சட்டம். அதற்கு மேல் எந்தப் பெற்றோருக்கும் தானாக வரும் வெற்றி கிடையாது. குழந்தைக்கு எது நல்லது என்பதை மட்டுமே நீதிபதி பார்ப்பார், சில நேரம் குழந்தையைத் தனியே அழைத்தும் பேசுவார். ஒப்பந்தத்தில் 'அப்பா அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல், தீபாவளி யார் வீட்டில், முழுப் பரீட்சை லீவில் எத்தனை நாள், உடம்பு சரியில்லை என்றால் யார் யாருக்குச் சொல்வது, பள்ளிக் கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு என்று விவரமாக எழுதுங்கள். எழுதாமல் விட்ட ஒவ்வொன்றும் பின்னால் ஒரு சண்டையாகும். அந்தச் சண்டைக்கு நடுவில் நிற்பது குழந்தைதான். பேத்தியிடம் 'உங்க அப்பா எங்க போனான் பாத்தியா' என்று கேட்கும் பாட்டிமார்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: அதைக் கேட்காதீர்கள். அவள் இருவருக்கும் மகள்.

அடுத்தது ஜீவனாம்சம். சம்பளத்தை மறைப்பதும், கூட்டிச் சொல்வதும் இங்கே வழக்கமாகவே இருந்தது. 2020-ல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும். வருமானமில்லாத கணவனும் இந்து திருமணச் சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வதா, மாதாமாதமா என்பதில் அவசரம் வேண்டாம். 'எனக்கும் என் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்' என்று ரோஷத்தில் எழுதிக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தனக்கானதை வேண்டாமென்பது அவரவர் விருப்பம். பிள்ளைக்கு உரியதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் உரிமை இல்லை.

மூன்றாவது, நகையும் சீர்வரிசையும். பெண்ணுக்குப் போட்டதும் கொடுத்ததும் அவளுடைய சொந்தச் சொத்து. புகுந்த வீட்டு லாக்கரில் இருப்பதால் அது அவர்களுடையதாகிவிடாது. 1985-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன விஷயம் இது. பில், கல்யாணப் போட்டோ, வீடியோ எதையும் தூக்கி எறியாதீர்கள். இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டு, சாட்சிகள் முன் கொடுத்து வாங்கி, கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. பாத்திரம் பண்டமும் பட்டியலில் வரட்டும். பீரோ, கட்டிலுக்காகச் சமரசம் உடைந்த குடும்பங்களை நான் அறிவேன்.

இதையெல்லாம் நேருக்கு நேர் பேச முடியாத இடத்தில்தான் சமரச மையம் உதவுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே அது தொடங்கிவிட்டது, இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்பார். அங்கே பேசியதை நாளைக்குக் கோர்ட்டில் சாட்சியமாக எடுத்துப் போட முடியாது. அதனால் மனம் திறந்து பேசலாம். சேர்த்து வைப்பதற்கு மட்டுமே சமரசம் என்று எண்ண வேண்டாம். கௌரவமாகப் பிரிவதற்கும் அதே அறைதான். பெரியவர்கள் அங்கே வந்தால், தம் பிள்ளை சொல்வதை முழுதாகச் சொல்லி முடிக்க விட்டால் போதும். கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்து, பத்திரிகை அடித்து, ஊரையே அழைத்தவர்கள் நாம். பிரிவு என்று ஆனபின் 'அவன் என் வாசலில் வந்து நிற்கட்டும்' என்று வீம்பு பிடித்தால், நம் பிள்ளைகளின் முப்பதுகள் கோர்ட் வராந்தாவில் கழிகின்றன.

ஒன்றை மட்டும் இதோடு கலக்கக் கூடாது. அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் 'கொஞ்சம் பொறுத்துப் போ' என்பதும், 'முதலில் சமரசம் பேசு' என்பதும் தவறு. அங்கே பாதுகாப்பு முதலில், வழக்கு பிறகு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம், அனைத்து மகளிர் காவல் நிலையம் போகலாம். 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு போட்டால், அடிக்கக் கூடாது என்ற தடை உத்தரவும், குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவும் கேட்க முடியும். வீடு கணவன் பெயரில் இல்லை, மாமனார் பெயரில் இருக்கிறது என்பதற்காகத் தயங்க வேண்டாம், கேட்டுப் பாருங்கள்.

பணமில்லையே என்று நிற்பவர்களுக்கு: பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். வருமானம் குறைந்த ஆண்களுக்கும் உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இந்த விஷயத்தில் உங்கள் கேள்விகளை எழுதுங்கள். பெயரும் ஊரும் வெளியாகாது. வழக்கு நடந்துகொண்டிருந்தால் மனுவின் நகலை எங்களுக்கு அனுப்பாதீர்கள், அதை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அம்மா, அப்பா எழுதுவதானால் எழுதுங்கள், மகிழ்ச்சிதான். எழுதும் முன் மகளிடமோ மகனிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்