வாத்து வேட்டைக்கு இங்கே பருவம் கிடையாது

ஐப்பசி மழையில் அம்பத்தூர், கொரட்டூர், இரட்டேரி, பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று சென்னையின் மேற்குப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வடக்கிலிருந்து வாத்துகள் வரத் தொடங்கும். நீலச்சிறகி வரும், ஊசிவால் வாத்து வரும், தட்டைவாயன் வரும். அதே நாட்களில் ஒரு வாதமும் காதில் விழும். "அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் பருவம் உண்டு. ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனைதான் சுடலாம் என்று கணக்கு உண்டு. வேட்டைக்காரர் கட்டும் பணத்தில் அரசு சதுப்பு நிலம் வாங்குகிறது. நாம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டு, இரவில் கண்ணி வைப்பவனைப் பிடிக்கவும் வழியில்லாமல் நிற்கிறோம். பருவம் வைத்து உரிமம் கொடுத்தால் அரசுக்கு வருமானம் வரும், பறவையும் பிழைக்கும்."

படித்தவர்கள், வெளிநாட்டில் சில காலம் இருந்து திரும்பியவர்கள் இதை நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். பறவை மீது அக்கறை இருப்பதால்தான் பலர் சொல்கிறார்கள். அதனாலேயே இதை ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

முதலில் அமெரிக்க உதாரணம். அவர்கள் சொல்லும் செய்தி உண்மைதான். 1934 முதல் அங்கே வாத்து வேட்டைக்குப் போகும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அரசின் வாத்து முத்திரையை வாங்க வேண்டும். இன்றைய விலை 25 டாலர். அப்படிச் சேர்ந்த 100 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தில் ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் நிலம் பறவைகளுக்காகக் காக்கப்பட்டிருக்கிறது. இது பெரிய சாதனை.

ஆனால் அந்த முத்திரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பறவைகள் கண்டத்தின் குறுக்கே பறப்பவை என்பதால் 1916-லேயே கனடாவுக்காக பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1918-ல் சட்டம் வந்தது. 1955 முதல் ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் வாத்துகள் முட்டையிடும் வடக்கு நிலங்களின் மேல் விமானத்தில் பறந்து எண்ணுகிறார்கள். எத்தனை ஜோடி, எத்தனை குட்டை நீர் நிறைந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஆண்டு எத்தனை நாள் வேட்டை, ஒருவருக்கு எத்தனை வாத்து என்று முடிவாகும். சுடப்பட்ட பறவையின் காலில் வளையம் இருந்தால் அந்த எண் அரசுக்குப் போகும். ஈயக் குண்டு விழுந்த சேற்றில் இரை தேடும் வாத்து அதைத் தின்று சாகிறது என்பதால், 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கே தடை.

இவ்வளவுக்கும் மேலாக இன்னொன்று உண்டு. இங்கே அமெரிக்காவைக் காட்டுபவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. அங்கே சுட்ட காட்டு வாத்தை விற்க முடியாது. சுட்டவர் சமைத்துச் சாப்பிடலாம், ஆனால் ஒரு பறவையைக்கூட உணவகத்துக்கு விலைக்குக் கொடுக்கக் கூடாது. விற்பனைக்காகச் சுட்ட காலத்தில்தான் அந்த நாடு பயணிப் புறாவை அழித்தது. வானத்தை மறைத்துப் பறந்த அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914-ல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. நம் ஏரிகளில் வைக்கப்படும் கண்ணியோ பெரும்பாலும் விற்பதற்காக வைக்கப்படுவது. கொக்குக்கும் மடையானுக்கும் நாமக்கோழிக்கும் வாங்க ஆள் இருப்பதால்தான் அவை பிடிபடுகின்றன. அமெரிக்க விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் அந்த வியாபாரம் குற்றமாகத்தான் இருக்கும்.  

நம்மிடம் என்ன இருக்கிறது? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் வலசை ஆய்வைத் தொடங்கியது. கோடியக்கரையில் ஆண்டுக்கணக்கில் பறவைகளுக்கு வளையம் பூட்டியது. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வனத்துறையும் ஆர்வலர்களும் ஏரிக்கரைகளில் நின்று எண்ணுகிறார்கள். அரிய உழைப்பு, மதிக்கிறேன். ஆனால் அது குளிர்காலத்தில் வந்து தங்கிய பறவையின் கணக்கு. வடக்கே எத்தனை முட்டை பொரிந்தது, எத்தனை குஞ்சு தேறியது என்பதை அது சொல்லாது. நீலச்சிறகி முட்டையிடும் இடம் நம் எல்லைக்கு வெகு வடக்கே இருக்கிறது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் 30 நாடுகள் இருக்கின்றன. அத்தனை நாடுகளும் சேர்ந்து ஆண்டுதோறும் எண்ணி, இந்த நாட்டுக்கு இத்தனை என்று பங்கு பிரிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. வேட்டைக்கு ஆதரவாகப் பேசும் அறிவியல், "உபரியை மட்டும் எடுக்கிறோம்" என்கிறது. முதல் எவ்வளவு என்று தெரியாதவர், வட்டியை மட்டும்தான் செலவழிக்கிறேன் என்று சொல்ல முடியாது.

வலசைப் பாதையில் ஒரு இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியா கண்டிருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்துக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்கை 2002-க்குப் பிறகு அங்கே யாரும் பார்க்கவில்லை. பரத்பூரில் அதற்குக் காவல் இருந்தது. வரும் வழியில் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் நடந்த வேட்டை அது அங்கே வராமல் போனதற்கு ஒரு காரணம்.

அடுத்து, என் மனதில் மிகவும் உறுத்துவது பருவம் என்கிற பேச்சுதான். "குளிர்காலத்தில் அவை இங்கே முட்டையிடுவதில்லையே, அப்போது சுட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்கள். வேட்டைப் பருவம் என்கிற ஏற்பாடு குளிர்நாட்டு நாட்காட்டியில் பிறந்தது. அங்கே பறவைகள் வசந்தத்தில் கூடு கட்டும், கோடையில் குஞ்சு வளர்க்கும். இலையுதிர்காலத்துக்குள் குஞ்சுகள் பறக்கக் கற்றுவிடும். பிறகு வேட்டை. இங்கிலாந்தில் உள்நாட்டு நீர்நிலைகளில் வாத்து வேட்டை செப்டம்பர் 1-ல் தொடங்கி ஜனவரி 31-ல் முடிவது இதனால்தான்.

தமிழ்நாட்டின் இந்தக் கரையில் நாட்காட்டி வேறு. நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நம் ஊர்ப் பறவைகள் ஏரி நிரம்பிய பிறகுதான் கூடு கட்டும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் வேடந்தாங்கலில் மரமேறிக் குஞ்சு பொரிப்பது இந்த மழையை ஒட்டித்தான். புள்ளிமூக்கு வாத்து நம் ஊரிலேயே தங்கி வாழும் வாத்து. தென்னிந்தியாவில் அது நவம்பர், டிசம்பரில் முட்டையிடும். வலசை வாத்துகள் வந்து சேர்வதும் அதே மாதங்களில். இரண்டும் ஒரே தண்ணீரில், ஒரே கோரைக்குள் இருக்கும். வந்த பறவையைச் சுடலாம் என்று திறந்துவிடும் ஒவ்வொரு நாளும், இருக்கும் பறவை அடைகாக்கும் நாளாக இருக்கும். வலசை வந்தவை பங்குனி, சித்திரைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு சுட அவை இருக்காது. ஆக, இந்த ஏரிகளுக்கு எந்த மாதத்தில் பருவம் குறிப்பது? யாராவது ஒரு தேதியைச் சொல்லட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல், பறவையை அடையாளம் காண்பது. விடியலிலும் அந்தியிலும்தான் வாத்துகள் இடம் மாறும். அந்த வெளிச்சத்தில் பெட்டை நீலச்சிறகியையும் கிளுவையின் பெட்டையையும் பிரித்தறிய நல்ல தொலைநோக்கி வைத்திருப்பவருக்கே தடுமாற்றம் வரும். துப்பாக்கியாவது ஒரு பறவையைக் குறி வைக்கும். வலைக்கு அதுவும் கிடையாது. நாமக்கோழிக்கு விரித்ததில் இலைக்கோழியும் முக்குளிப்பானும் மாட்டிக்கொள்ளும். குருணைப் பூச்சிமருந்தை நெல்லில் கலந்து தூவினால், தின்றதெல்லாம் சாகும். அப்படிச் செத்ததை மனிதன் தின்னும் ஆபத்தும் உண்டு.

"ஆயிரக்கணக்கில் வருகின்றனவே, நாலைந்து போனால் குறைந்தா போகும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல பரத்பூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது என்று பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். நிறைய இருக்கிறது என்ற நினைப்பு கைக்கு எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. நம் ஏரிகளில் கூட்டமாகத் தெரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சுற்றியிருந்த சிற்றேரிகளும் தாங்கல்களும் மனைகளாகிவிட்டன. அங்கே பரவியிருக்க வேண்டிய பறவைகள் மிச்சமிருக்கும் நீரில் நெருங்கி நிற்கின்றன. நெருக்கத்தைப் பெருக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

உரிமம் கொடுத்தால் ஒழுங்கு வரும் என்பதும் புதிய யோசனை இல்லை. 1887-ல் வந்த சட்டம் பறவைகள் முட்டையிடும் காலத்தில் அவற்றை விற்பதைத் தடுத்தது. 1912 சட்டம் மூடிய பருவம் என்ற முறையைக் கொண்டுவந்தது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் வேட்டை உரிமங்களுக்கு இடம் இருந்தது. 1991 திருத்தம்தான் அந்த உரிமங்களை எடுத்துவிட்டது. நூறாண்டுக்கு மேல் பருவமும் உரிமமும் வைத்துப் பார்த்த பிறகே நாடு முழுத் தடைக்கு வந்தது. இன்று கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் தண்டனை இன்னும் கடுமை. இறைச்சியை வாங்கி வைத்திருப்பவரும் தப்ப முடியாது.

பயிரைத் தின்கின்றன என்ற புகாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலத் தாழைக்கோழி நெற்பயிரைக் கடிப்பது உண்மை. பயிருக்குச் சேதம் வந்தால் அனுமதி கேட்க சட்டத்தின் 11-ஆம் பிரிவு ஏற்கனவே வழி வைத்திருக்கிறது. அம்பத்தூரில் நெல் வயல் போய்த் தொழிற்பேட்டை வந்தே அறுபது ஆண்டு ஆகிறது.

"சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து ஏரியே செத்துக்கொண்டிருக்கிறது, கண்ணிதானா உங்களுக்குப் பிரச்சினை?" என்று கேட்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. கழிவுதான் பெரிய எதிரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொரட்டூர் மக்கள் அதற்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஆனால் பெரிய காயம் இருக்கிறது என்பதற்காகச் சின்னக் காயத்தைப் போட அனுமதி கேட்க முடியாது. அந்தக் கழிவுச் சேற்றில் மேய்ந்த பறவையின் இறைச்சியை உரிமம் கொடுத்து உண்ணச் சொல்ல எந்தத் துறைக்குத் துணிவு வரும்?

கடைசியாக, உண்மையான வலி உள்ள வாதம். தடை ஏழைகளுக்கு எதிரானது என்கிறார்கள். தடை எப்போதும் மேலிருந்தே வந்தது என்றால் அது சரியில்லை. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்ட சிப்பாய்களுக்கு எதிராக ஊர் விவசாயிகள் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்கள் உரிமையை எழுத்தில் ஏற்றார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் நரிக்குறவர் விஷயத்தில் வாதம் பலமானது. தலைமுறை தலைமுறையாக வேட்டையை நம்பி வாழ்ந்தவர்களின் தொழிலைச் சட்டம் ஒரே வரியில் எடுத்தது. மாற்றாக எதையும் கையில் கொடுக்கவில்லை. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கே 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது அநியாயம். ஆனால் வேட்டைப் பருவம் திறந்தால் இது சரியாகுமா? துப்பாக்கி உரிமமும் கட்டணமும் வசதியும் உள்ளவர்தான் முதலில் ஏரிக்கு வருவார். ஆவடி நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வலையோடு வருபவர் அப்போதும் குற்றவாளியாகவே நிற்பார்.

வேறு வழி உண்டு. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் 2012-ல் அமூர் வல்லூறுகளை வலை போட்டுப் பல்லாயிரக்கணக்கில் கொன்றார்கள். அடுத்த ஆண்டே அதைச் சுற்றியுள்ள கிராமங்கள் கொலையை நிறுத்தின. ஊர் மன்றங்களும் தேவாலயங்களும் வனத்துறையும் சேர்ந்து அதைச் செய்தன, வலை போட்டவர்களே காவலுக்கு வந்தார்கள். பறவை எங்கே இறங்கும், எந்தக் கோரையில் அடையும் என்று ஆவடி, திருமுல்லைவாயல் பக்கத்து நரிக்குறவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நம் ஏரிகளின் காவல் வேலையை மாதச் சம்பளத்தோடு முதலில் அவர்களுக்கே கொடுக்க வேண்டும். அதற்கு வனஉயிரினச் சட்டத்தில் ஒரு எழுத்தையும் மாற்றத் தேவையில்லை.