அடைத்த கதவின் விலை

சுஷி சீமான்களின் பண்டமாகப் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடோ நகரத்து உழைப்பாளர் தெருக்கடையில் நின்றபடியே உண்டு சென்ற உணவு அது. அந்த எடோவே இன்றைய டோக்கியோ. அங்கே கின்சாவில், நிலக்கீழ் அறையொன்றில், பத்தே ஆசனங்கள் கொண்டது 'சுகியபாஷி ஜிரோ' உணவகம். 2014இல் ஒபாமா விருந்துண்ட இடம். 2019இல் மிஷெலின் வழிகாட்டி அதனைத் தன் பட்டியலினின்றும் நீக்கிற்று. சுவை குன்றியதாலன்று, பொதுமக்கள் அங்கு இடம்பெற முடியாமையால்!

சுவைக்கே பணம் கொடுக்கிறோம் என்பர் கனவான்கள். நல்ல மீனுக்கும் பதமான சோற்றுக்கும் பல்லாண்டு பயின்ற கைக்கும் விலையுண்டு, மறுப்பாரில்லை. ஆனால், அவர்கள் எதிர்பார்ப்பது அவ்வளவுதானா? தேர்வையெல்லாம் சமையற்காரரிடமே விட்டுவிட்டதாகப் பணிவு காட்டுவர். அந்தப் பணிவுக்கும் பிறர் நுழையாத அறை வேண்டும். அடைத்த கதவுக்கே அவர்கள் பல்லாயிரம் யென் கொடுக்கிறார்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் சோறாக்கித் தொழில் பயிலும் இளைஞனுக்கு அவ்வாசனங்களில் ஒன்றேனும் எட்டுமா?