முதலையும் மனுவும்

பெங்களூரில் பாதல் நஞ்சுண்டசுவாமி என்னும் சித்திரக்காரர் 2015-இல் சாலைப் பள்ளமொன்றில் ஆளுயர முதலைப் பொம்மையைக் கிடத்தியதும், 2019-இல் குண்டும் குழியுமான வீதியில் விண்வெளி உடை தரித்த ஒருவரைச் சந்திர மண்டலத்தில் நடப்பவரைப் போல் நடக்கவிட்டதும் வெறும் விளம்பர மோகமென்றும், முறைப்படி மனுக் கொடுப்பதே நாகரிகமென்றும் நண்பர் எழுதியிருக்கிறார்.

மனுவின் மகிமையை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மண்ணூர்வாசிகளான எங்களுக்கு உபதேசிக்க வேண்டியதில்லை. கடல் கடந்து கார் அனுப்பும் இப்பிரதேசத்தில், கன்டெய்னர் லாரிகள் கிழித்த பள்ளத்தில் தேங்கிய மழைநீரின் ஆழம் தெரியாமல், இரவு ஷிப்டு முடிந்து வண்டியில் திரும்பும் பையன் ஒரு காலை ஊன்றிப் பார்த்துத்தான் கடக்கிறான். அவன் கொடுத்த மனு எந்த மேஜையில் நித்திரை செய்கிறதென்பதை நண்பர் விசாரித்துச் சொன்னால் உபகாரமாயிருக்கும். பெங்களூரிலோ, சந்திர நடையின் காணொளி பரவிய சுருக்கில் மாநகராட்சி ஆட்கள் வந்து பள்ளத்தை மூடினார்கள்.

வீதிச் சித்திரமெல்லாம் விமரிசனமென்று நான் வாதிக்கவில்லை. 2020-இல் சென்னைக் கண்ணகி நகர்ச் சுவர்களில் ஏசியன் பெயின்ட்ஸ் ஆதரவோடு தீட்டப்பட்ட ஓவியங்கள் கண்ணுக்கு ரம்மியமானவை. ஆனால், ஆற்றங்கரைகளில் குடியிருந்த ஜனங்களை நகரத்தின் விளிம்பிலுள்ள அவ்விடத்துக்கு ஏன் பெயர்த்தார்கள் என்று அவை வினவுவதாக எனக்குப் படவில்லை. ஆட்சேபிப்பதானால் நண்பர் அங்கே போய் ஆட்சேபிக்கட்டும்.