ஸ்நான அறையும் தாமிரபரணியும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் படித்துறைகளில் ஊரார் குளித்து வந்த காலத்தில் ஜலதாரை நாற்றம் என்ற பேச்சே எழவில்லை. ஸ்நானம் வீட்டுக்குள் வந்த பிறகே இந்தத் தொல்லையும் உடன் வந்தது. ஊதுவத்தி கொளுத்தி அதை மறைப்பதில் பயனில்லை. காரணத்தைக் களைய வேண்டும்.

தரைத் துவாரத்தின் கீழே தங்கி நிற்கும் ஜலமே சாக்கடை வாயுவைத் தடுக்கும் கதவு. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் 1775-ல் கக்கூஸுக்காகக் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் தத்துவமும் இதுவே. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிச் சென்றால் அந்த ஜலம் வற்றிக் கதவு திறந்துகொள்ளும். புறப்படுமுன் ஒரு குடம் ஜலம் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் எளிதில் வற்றாது.

ஜலம் இருந்தும் நாறுமானால், சல்லடையைத் தூக்கித் தலைமயிரையும் சோப்புக் கசடையும் அகற்றி, சமையல் சோடா தூவி, மிதமான வெந்நீர் ஊற்றுக. ஆஸிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருகாலும் சேர்க்கலாகாது. எழும் குளோரின் வாயு, மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. குழாய் நேரே சாக்கடையில் இறங்கும் பழைய வீடுகளில் கொத்தனாரை அழைத்து நீர்ப்பூட்டு வைப்பதே வழி.

நம் வீட்டு நாற்றம் நீங்கினால் மட்டும் போதுமா? நெல்லையின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் விழும் இடங்கள் இன்றும் உள்ளன. தூத்துக்குடியாருக்கும் அதே ஆறுதான் குடிநீர் தருகிறது. நம் ஜலதாரை எங்கே போய் முடிகிறது என்று மாநகராட்சியாரைக் கேட்பதும் நம் கடமையே.