பெட்ரோல் விலையும் நம் பங்கும்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் சாலையில், திருவில்லிபுத்தூரை எட்டுமுன் வருவது கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்குச் சாலை பிரிவதும், பல்கலைக்கழக மாணவர்கள் வந்து இறங்குவதும், கேரளம் செல்லும் லாரிகள் தேநீருக்காக ஒதுங்குவதும் இங்கேதான். இப்பகுதியின் பெட்ரோல் பங்கு ஒன்றில் காலை ஏழு மணிக்குக் கால்மணி நேரம் நின்று பார்த்தால் நம் சமுதாயத்தின் எல்லாப் படிகளையும் கண்டுவிடலாம். பின்னிருக்கையில் பால்கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸெல், சாந்துக்கரண்டியும் தூக்குவாளியும் தொங்கும் பழைய மோட்டார் சைக்கிள், விசைத்தறிக்குச் செல்லும் கணவனும் மனைவியும், இவர்களுக்கு நடுவே கண்ணாடியை இறக்காமலேயே விரலால் சைகை காட்டும் பெரிய கார். காரில் வந்தவர் "டேங்கை நிரப்பு" என்கிறார். எக்ஸெல்லில் வந்தவர் "நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்கிறார். முன்னவருக்குப் பெட்ரோல் ஓர் அளவு. பின்னவருக்கு அது ஒரு நோட்டு. 2021 ஜூலையில் சென்னையிலேயே லிட்டர் விலை நூறு ரூபாயைக் கடந்தது. அன்று அந்த நோட்டுக்கு ஒரு லிட்டர்கூட முழுதாய்க் கிடைக்கவில்லை.

நம் மக்கள் நாவில் பெட்ரோல் விற்கும் இடமும் பங்குதான், திருப்பலி நடக்கும் இடமும் பங்குதான். இரண்டு பங்கிலும் நிற்பவர்கள் அதே மனிதர்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் பேசும்போது அடிக்கடி நம் காதில் விழுவது, "சாமி, பெட்ரோல் விலையைப் பார்த்தீங்களா? இந்த அரசாங்கம் நம்மை வாழவிடாது" என்பதாகும். மறுக்கவில்லை. ஆயினும் இதை உரத்த குரலில் சொல்பவர் பெரும்பாலும் தம் புதிய காரின்மேல் சாய்ந்துகொண்டே சொல்கிறார் என்பதையும் கவனித்திருக்கிறோம். விலையை ஏற்றும் கை ஒன்று தலைநகரில் இருக்கிறது. இன்னொரு கை நம் சட்டைப்பைக்குள் இருக்கிறது. முதல் கையைப் பற்றி மட்டும் பேசுவது பாதி உண்மை.

முதலில் அந்தக் கையையே பார்ப்போம். பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிப்பதில்லை, சந்தையே நிர்ணயிக்கிறது என்று 2010 ஜூனில் அறிவித்தார்கள். டீசலுக்கு 2014 அக்டோபரில் அதையே சொன்னார்கள். 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறும் என்றார்கள். நாள்தோறும் மாறவேண்டிய அந்த விலை 2018இல் கர்நாடகத் தேர்தலுக்கு முன் மூன்று வாரத்துக்கு அருகில் அசையவில்லை. மே 12இல் வாக்குப்பதிவு முடிந்தது, 14ஆம் நாள் விலை ஏறியது. 2021இல் தமிழ்நாடு, கேரளம், வங்காளம் ஆகியவை வாக்களித்த காலத்தில் ஏற்றமே இல்லை. மே 2இல் முடிவு வெளியாயிற்று, 4இல் ஏற்றம் தொடங்கிற்று. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டு, கச்சா எண்ணெய் பேரலுக்கு நூறு டாலரைத் தாண்டியபோதும், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை நம் நாட்டில் விலை மாறவில்லை. பிறகு மார்ச் 22 தொடங்கிப் பதினாறே நாட்களில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் நாள் அறிவிக்கப்படும் தறுவாயில், இரண்டு ரூபாய் குறைந்தது. சந்தைக்கு இத்தனை தேர்தல் அறிவு எங்கிருந்து வந்தது?

விலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வரி என்பதையும் மறக்கலாகாது. கொரோனா ஊரடங்கில் உலகமே முடங்கிக் கிடந்த 2020 ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை பேரலுக்கு இருபது டாலருக்கும் கீழே இறங்கியது. வேலையிழந்து வீட்டிலிருந்த மக்களுக்கு அந்த இறக்கம் வந்து சேர்ந்ததா? மார்ச் மாதம் லிட்டருக்கு மூன்று ரூபாயும், மே மாதம் பெட்ரோலுக்குப் பத்தும் டீசலுக்குப் பதின்மூன்றும் கலால் வரியாக ஏற்றினார்கள். பெட்ரோல், டீசல் கலால் வழியாக மத்திய அரசுக்கு 2019-20இல் கிடைத்தது ஏறத்தாழ 2.23 இலட்சம் கோடி ரூபாய். அடுத்த ஆண்டு, மக்கள் குறைவாகவே பயணம் செய்த அந்த ஆண்டில், அது 3.7 இலட்சம் கோடியைத் தாண்டியது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. 2021இல் பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 33 ரூபாய் கலால் வாங்கியபோது, மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளவேண்டிய அடிப்படை வரி அதில் 1 ரூபாய் 40 காசு மட்டுமே. எஞ்சியதெல்லாம் பகிரத் தேவையற்ற செஸ், கூடுதல் வரி என்னும் பெயர்களில் வந்தது.

ரெகபெயாம் அரசனின் கதை இறைமக்களுக்குத் தெரியும். உம் தந்தை சுமத்திய நுகத்தைத் தளர்த்தும் என்று மக்கள் கேட்டார்கள். அவன் மூன்று நாள் தவணை கேட்டான். மக்களுக்குப் பணியாளனாய் இரு என்று முதியோர் சொன்ன அறிவுரையைத் தள்ளிவிட்டு, தன்னோடு வளர்ந்த இளைஞர் பேச்சைக் கேட்டு, நுகத்தை இன்னும் கனமாக்குவேன் என்றான். அரசு இரண்டாகப் பிளந்தது. நம் காலத்து ஆலோசகர்கள் ரெகபெயாமின் தோழர்களைவிடக் கெட்டிக்காரர்கள்; வாக்கு எண்ணும் நாள்வரை நுகத்தைப் பஞ்சுபோல் வைத்திருக்கச் சொல்லித் தருகிறார்கள்.

இது ஒரு கட்சியின் பாவம் என்று எண்ணிவிட வேண்டாம். 1973 நவம்பரில் எரிபொருள் விலை உயர்வைக் கண்டித்து அடல் பிகாரி வாஜ்பாயி மாட்டுவண்டியில் நாடாளுமன்றம் வந்தார். 2021 ஆகஸ்டில் அதே காரணத்துக்காக ராகுல் காந்தி மிதிவண்டியில் வந்தார். மாட்டுவண்டியில் வந்தவர் பக்கம் ஆட்சிக்கு வந்தபின் வரி ஏறியது; மிதிவண்டியில் வந்தவர் பக்கம் ஆட்சியில் இருந்தபோதும் விலை ஏறியது. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்வரை எல்லோருக்கும் எளிய வாகனமே பிடிக்கிறது! நம் மாநிலத்தில் 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்கு நான்கு ரூபாயும் குறைப்போம் என்றார்கள். ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைந்தது. இருசக்கர வாகனத்தை நம்பி வாழும் உழைக்கும் ஏழைகளை அந்த நிதிநிலை அறிக்கை காரணமாகக் காட்டியது. அந்த அளவில் பாராட்டுவோம். ஆனால் அடுத்த மாதமே, 2021 செப்டம்பர் 17இல், இலக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பெட்ரோலியப் பொருள்களை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர மறுத்தது. ஓயாமல் சண்டையிடும் மத்திய, மாநில அரசுகள் அன்று ஒரே குரலில் பேசின. வருவாய் இனிக்கும் இடத்தில் ஒற்றுமை எளிது.

இனி நம் கையைப் பார்ப்போம். இது சற்றுக் கசக்கும்.

2012இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ முப்பது ரூபாய் வேறுபாடு இருந்தது. உழவரின் பம்புசெட்டும் டிராக்டரும் ஓட வேண்டும், லாரி வாடகை ஏறக்கூடாது, காய்கறி விலை உயரக்கூடாது என்பதற்காகவே டீசலுக்கு மானியம் தரப்பட்டது. வசதி படைத்தோர் என்ன செய்தார்கள்? டீசல் கார் வாங்கினார்கள். 2012-13இல் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கும் மேற்பட்டவை டீசல் கார்கள். உழவன் தட்டில் வைத்த சோற்றை எடுத்து உண்டதற்கு ஒப்பான இச்செயலை நம்மில் எவரும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாக நினைவில்லை. டீசல் கார் ஒன்றுக்கு 80,000 ரூபாய் கூடுதல் கலால் விதிக்கலாம் என்று கிரித் பாரிக் குழு 2010இலேயே பரிந்துரைத்திருந்தது. அரசு அதை ஏற்கவில்லை. கார் வாங்குவோரின் மனம் நோகக்கூடாது. பின்னர் டீசல் மானியம் நின்று, விலை வேறுபாடு சுருங்கியதும் டீசல் கார் மோகமும் வடிந்தது. 2020 ஏப்ரலோடு மாருதி நிறுவனம் டீசல் கார் விற்பதையே நிறுத்தியது. அரசின் விலைக் கொள்கை நம் கார்த் தேர்வை எப்படி வளைக்கிறது என்பதற்கும், நம் தேர்வு அரசின் நோக்கத்தை எப்படிக் குலைக்கிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அந்த மோகம் வடிந்த இடத்தில் இன்னொன்று பெருகியது. சிறிய கார் இப்போது கௌரவக் குறைவு. ஒரு இலட்சம் ரூபாய்க் கார் என்று 2009இல் விற்பனைக்கு வந்த நானோ, 'ஏழையின் கார்' என்னும் பெயராலேயே தோற்றது. பத்தாண்டு நிறையுமுன் உற்பத்தி நின்றது. 2023-24இல் நாட்டில் விற்ற ஏறத்தாழ 42 இலட்சம் பயணியர் வாகனங்களில் பாதிக்கும் மேல் எஸ்.யூ.வி. போன்ற பெருவண்டிகள். 2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோது சிறிய காருக்கு வரி 18 விழுக்காடாகக் குறைந்தது, நன்று. செஸ்ஸையும் சேர்த்து ஐம்பது விழுக்காடுவரை இருந்த பெருவண்டி வரியும் நாற்பதாக இறங்கியது. பெருவண்டி வாங்குபவருக்கு எதற்காக இந்தச் சலுகை?

யார் குடிக்கிறார்கள் இந்தப் பெட்ரோலை? அரசின் பெட்ரோலியப் பிரிவுக்காக நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வொன்று, நாட்டில் விற்கும் பெட்ரோலில் 61 விழுக்காட்டை இருசக்கர வாகனங்களே வாங்குகின்றன என்று காட்டியது. ஆகவே பெட்ரோல் வரி என்பது பெரும்பாலும் எக்ஸெல்காரர் கட்டும் வரி. நாளொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் கூலி பெறுபவர் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் கூலியில் ஆறில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ போய்விடுகிறது. தொழிலதிபர் தம் காரின் பெட்ரோலைத் தொழில் செலவில் எழுதி வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பால்காரர் எந்தக் கணக்கில் கழிப்பார்?

திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் எழுதிய 'மாத்தேர் எத் மாஜிஸ்த்ரா' சுற்றுமடலில், வரிச்சுமை செலுத்துவோரின் திறனுக்கு ஏற்றதாய் இருப்பதே நீதியான வரிமுறைக்கு அடிப்படை என்று கற்பித்தார். லிட்டருக்கு இவ்வளவு என்று எல்லோர்மேலும் ஒன்றுபோல் விழும் வரி இந்த அளவுகோலில் தேறாது. அதற்காகப் பெட்ரோலை மலிவாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லமாட்டோம். ஓரிருவர் மட்டும் அமர்ந்து செல்லும் கார்கள் நகரங்களை நெரிப்பதையும் காற்றைக் கெடுப்பதையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் கண்டித்து, பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் கேட்டார். வரியைப் பெருவண்டியின் எடைமேல் ஏற்றுங்கள். எக்ஸெல்லின் லிட்டர்மேல் இறக்குங்கள். வாங்கியதைப் பேருந்தாகத் திருப்பிக் கொடுங்கள் என்பதே நம் வாதம். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது, மில் வேலைக்குச் செல்லும் பெண்கள் மாதம் எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள் என்று அவர்களே நம்மிடம் கணக்குச் சொன்னார்கள். பேருந்து வராத சிற்றூரில் அந்தச் சலுகைக்கு ஏது பொருள்?

"எங்கள் உழைப்பில் வாங்குகிறோம், வரியும் கட்டுகிறோம், பெரிய கார் குடும்பத்துக்குப் பாதுகாப்பு, இதில் என்ன குற்றம்?" என்று கேட்பீர்கள். குற்றம் என்று தீர்ப்பிட நாம் யார்? ஆனால் அந்தப் பாதுகாப்பு, மோதினால் எதிரே வரும் எக்ஸெல்காரருக்கு என்னவாகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒரே தெருவிலிருந்து ஒரே திருப்பலிக்கு நான்கு கார்கள் நான்கு பேரோடு வருவதையும் எண்ணிப் பாருங்கள்.

குருக்களாகிய எங்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் சாடினால் அது பரிசேயத்தனம். 2013 ஜூலையில் குருமாணவரிடமும் நவதுறவியரிடமும் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், குருக்களும் கன்னியரும் புத்தம்புதுக் காரில் செல்வதைக் காணத் தமக்கு வலிக்கிறது என்றார். அந்த வலி நம் பங்கு இல்லத்துக்கும் வந்தது. பழைய வண்டி அடிக்கடி பழுதாகிறது, கிளைக் கிராமங்களுக்குச் செல்ல சாமிக்கு ஒரு பெரிய வண்டி வாங்கவேண்டும் என்று சென்ற மாதம் பங்குப் பேரவையில் சிலர் அன்போடு முன்மொழிந்தார்கள். ஏற்கும் ஆசை நம் உள்ளத்தில் எழவில்லை என்று சொன்னால் பொய்யாகும். நடு இருக்கையில் குளிர்காற்று வருமா என்றுகூடக் கேட்டுவிட்டோம். அப்போது கடைசி வரிசையிலிருந்து, இனிப்புக் கடைகளுக்குப் பால் ஊற்றும் பெரியவர் ஒருவர் எழுந்தார். "வாங்கலாம் சாமி. அதுக்குப் பெட்ரோலு, நாங்க போடுற காணிக்கையில இருந்துதானே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சில நாட்களில் பேரவை மீண்டும் கூடும். பேருந்து செல்லும் ஊர்களுக்குப் பேருந்திலும் மற்றவற்றுக்கு இருசக்கர வாகனத்திலும் செல்வோம், இரவில் நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தால் நம் பங்கைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநருக்கு வாடகை கொடுத்துச் செல்வோம், பெரிய வண்டி வேண்டாம் என்பதை இங்கேயே எழுதிவைக்கிறோம். அன்று நாம் பேச்சை மாற்றினால், இந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்ட அந்தப் பெரியவருக்கு உரிமை உண்டு.